மேசைமேல் ஓர் இறம்பொடை

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் பஸ் ஜன்னலோரம் இருந்து பயணம் செய்தவர்கள் இறம்பொடையை மறந்திருக்கமாட்டார்கள். 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் நீர்வீழ்ச்சி, மலையைக் குடைந்து அமைத்த 225 மீற்றர் நீளமான சுரங்கப்பாதை, கீழே கொத்மலை நீர்த்தேக்கம், மேலே அனுமார் கோயில். பார்த்துவிட்டுப் போகின்றவர்களுக்கு அது அழகு. அதன் சரிவில் லயங்களில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களுக்கோ அது கொழுந்துக்கூடையுடன் ஏறி இறங்கும் இடம். மழை நாட்களில் அண்ணாந்து பார்த்துப் பயப்படும் இடமும் அதுதான்.

அந்த மலையைத் துண்டு துண்டாகப் பலகைகளில் செய்து, மேசைமேல் அடுக்கிப் பார்த்த அனுபவத்தையே வாசக சகோதரிகளுடன் இங்கு பகிர்ந்துகொள்கின்றேன். ஆனால் இந்த வேலை மலைக்காக ஆரம்பிக்கவில்லை. ஒரு சண்டை விளையாட்டுக்காக ஆரம்பித்தது.

எனது அக்கா, 1977 கலவரத்தின் பின் வன்னிக்குச் சென்று குடியேறிய எங்கள் மாமா குடும்பத்துக்கு, சமாதான காலத்தில், 2004 இல் மருமகளாகப் போனவர். 2009 இல் கணவரைப் பறிகொடுத்து, கைக்குழந்தையோடு தாய்வீட்டு லயத்துக்கே திரும்பி வந்தார். அந்தக் குழந்தைக்கு இப்போது பதினேழு வயது.

2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி வந்ததை நான் விபரிக்கத் தேவையில்லை. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுகளே கூடுதலான உயிர்களைக் கொண்டுபோயின. அதன்பின் சில வாரங்கள் பாடசாலையும் இல்லை, மலையில் ஒழுங்கான வேலையும் இல்லை. பையன் தொலைபேசியில் எதையோ பார்த்துவிட்டு வந்து, “சித்தி, ரிஜிபோம் வாங்கித் தர்றீங்களா? மேசைமேல சண்டை போடுற பலகை செய்யப் போறேன்” என்றான்.

அக்கா அடுப்படியிலிருந்தே, “வீட்டுக்குள்ள மறுபடியும் சண்டையா? அதெல்லாம் வெளியில வச்சிக்கடா” என்றார். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. வன்னியில் இருந்த சகோதரிகளுக்கு அந்த மௌனத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

மன்னரின் மேசையும் பெண்களின் தரையும்

மேசைப்போர் என்பது உலகின் பல நாடுகளில் பெரியவர்களும் விளையாடும் ஒரு பொழுதுபோக்கு. விரல் கணு அளவான சிப்பாய்ப் பொம்மைகளை, செய்து வைத்த மலை, ஆறு, பாலங்களுக்கிடையே நகர்த்தி, தாயக்கட்டை உருட்டி வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பார்கள். இதற்கு 200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1812 இல் ரைஸ்விட்ஸ் என்பவர் பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியத்துக்கு ஒரு மேசை செய்து கொடுத்தார். வயல், காடு, ஆறு என்று வர்ணம் தீட்டிய சதுர ஓடுகளை விரும்பியபடி மாற்றி அடுக்கலாம். இன்று செய்யப்படும் துண்டுப் பலகைகளின் மூதாதை அதுவே எனலாம். 1824 இல் அவருடைய மகன் அதையே வரைபடத்தில் ஆடும்படி மாற்றியமைக்க, பிரஷ்ய இராணுவம் அதைப் பயிற்சியாக எடுத்துக்கொண்டது. மன்னரின் மேசையில் வயல்கள் இருந்தன. வயலை விட்டு ஓடுகின்றவர்கள் இருந்ததாகத் தெரியவில்லை.

1913 இல் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் விதிகளை ‘சிறிய போர்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில் நூலாக வெளியிட்டார். உண்மைப் போரை விட இந்தப் பொம்மைப் போர் எவ்வளவோ மேல் என்பதே அவர் கருத்து. மறு வருடமே முதலாம் உலகப்போர் மூண்டது.

பெண்கள் பங்கெடுத்த ஒரு கதையும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியாவுக்கு உணவு கொண்டுவந்த கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்துக்கொண்டிருந்தபோது, 1942 இல் லிவர்பூல் நகரில் கப்டன் கில்பர்ட் ரொபர்ட்ஸ் என்பவரின் கீழ் ஒரு சிறு பிரிவு அமைக்கப்பட்டது. அதில் வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் கடற்படை மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம் பெண்கள். தரையில் கட்டம் போட்ட விரிப்பில், சோக்கினால் கப்பல்களின் வழியைக் கோடிட்டு, நீர்மூழ்கி எங்கிருந்து வருகின்றது என்று ஆடிப் பார்த்தே கண்டுபிடித்தார்கள். அங்கு உருவான முதல் தந்திரத்துக்கு ‘ராஸ்பெரி’ என்று பெயர் வைத்தவர் ஜீன் லெய்ட்லோ என்ற பெண். சுமார் 5000 கடற்படை அதிகாரிகள் அந்தத் தரையில் பயிற்சி பெற்றுச் சென்றனர். இதை நான் அக்காவிடம் சொன்னபோது, “சாப்பாட்டுக் கப்பலைக் காப்பாத்தத்தானே” என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அடுத்த நாள் பையனுக்குக் கத்தி தீட்டிக் கொடுத்தார்.

செய்யும் முறை

சாதாரணமாக ஒரு பலகை இரண்டடிக்கு இரண்டடி. ஆறு பலகைகளைச் சேர்த்தால் ஆறடி நீளம், நான்கடி அகலமான மேசை. வேண்டாத நேரத்தில் புத்தகம் போல நிறுத்தி வைக்கலாம் என்பதால், ஒற்றை அறை லயத்துக்கும் இது பொருந்தும். துண்டாகச் செய்வதன் பிரதான நன்மையும் இதுவே.

அடிக்கு மெல்லிய பலகையை எடுத்தால் பசையின் ஈரத்தில் அது வளைந்துவிடும். பையனின் முதற்பலகை அப்படித்தான் தட்டுப்போலக் குழிந்து போனது. 9 மில்லிமீற்றர் பிளைவூட்டுக்கு அடியில் இரண்டு சட்டங்கள் அடித்து, மேற்புறம் பசை பூசும்போதே அடிப்புறத்திலும் ஒரு பூச்சு வர்ணம் கொடுத்தால் வளையாது. மலைக்கு ரிஜிபோம் நல்லது. தொலைக்காட்சிப் பெட்டியோடு வருவதைக் கடைகளில் கேட்டால் சும்மாவே தருவார்கள். ஆனால் அதைச் சூடான கத்தியால் வெட்டாதீர்கள். அந்தப் புகை நஞ்சு. கூரான கத்தியால், வாயை மூடிக்கொண்டு, வெளியில் வைத்து வெட்டுங்கள். ஸ்பிரே வர்ணம் அடித்தால் ரிஜிபோம் உருகிப் பள்ளம் விழும். முதலில் சுவருக்கு அடிக்கும் தண்ணீர் வர்ணத்தைப் பூசிவிட வேண்டும். மாப்பசை வேண்டவே வேண்டாம். எமது ஈரக் காலநிலையில் பூஞ்சணம் பிடிக்கும், மிச்சத்தை எலி பார்த்துக்கொள்ளும். வெள்ளைப் பைண்டர் பசையே போதும்.

புல்லுக்குப் பச்சை வர்ணத்தில் புரட்டிக் காயவைத்த மரத்தூள். தேயிலைச் செடிக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பொடியாக வெட்டலாம். காட்டுத்தரைக்கு எது தெரியுமா? குடித்து முடித்த தேயிலைச் சக்கை! நன்றாக வெயிலில் காயவைத்துப் பசைமேல் தூவினால் சருகு விழுந்த நிலம் அப்படியே வரும். வெளிநாட்டில் பலகை செய்கின்றவர்களும் இதையே பயன்படுத்துகின்றார்கள். கொழுந்து பறித்தவர்களின் சக்கை போதாதா என்று அக்கா சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

துண்டுகளை எந்தப் பக்கமும் மாற்றி அடுக்க வேண்டுமானால் ஒரு விதி உண்டு. ஆறோ பாதையோ பலகையின் விளிம்பைத் தொடும் இடம் எப்போதும் அந்த விளிம்பின் நடுவாக இருக்கவேண்டும், எல்லா விளிம்பும் ஒரே உயரமாக இருக்கவேண்டும். கற்பனை ஊருக்கு இது சரி. உண்மையான ஊரைச் செய்வதானால் இந்த விதி உதவாது. அதற்கு நாங்கள் பின்னர்தான் வந்து சேர்ந்தோம்.

“இதுல பீலி எங்க?”

பையன் செய்திருந்தது படத்தில் கண்ட ஏதோ ஐரோப்பிய மலை. இரண்டாவது பலகை காய்ந்துகொண்டிருந்தபோது, பக்கத்துக் காம்பராவிலிருந்து அம்மாயி ஒருவர் வந்து குனிந்து பார்த்தார். “மலை நல்லாத்தான் இருக்கு. இதுல பீலி எங்க?” என்று கேட்டார்.

பையனுக்குப் பதில் இல்லை. பீலி இல்லாத மலையை அம்மாயி கண்டதில்லை. அன்று மாலையே அவன் ஐரோப்பாவைச் சுரண்டி எடுத்துவிட்டு இறம்பொடையைத் தொடங்கினான்.

நில அளவைத் திணைக்களத்தின் வரைபடத்தில் சமவுயரக்கோடுகள் இருக்கும். ஒரே உயரத்தில் உள்ள இடங்களைத் தொடுத்துச் செல்லும் கோடுகள் அவை. அதைப் பெரிதாக்கி, ஒரு சென்ரிமீற்றர் என்றால் 25 மீற்றர் என்று கணக்கு வைத்தோம். ஒரு பலகைக்குள் ஒன்றரைக் கிலோமீற்றர் அடங்கும். 20 மீற்றர் ஏற்றத்துக்கு 8 மில்லிமீற்றர் தடிப்பு வேண்டும். பிஸ்கட் பெட்டி அட்டை இரண்டு சேர்ந்தால் அது வந்துவிடும். கோட்டைக் கோடாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் மலை தானாக எழும்புகின்றது. உள்ளே முழுவதும் அட்டை போட்டால் பாரம் தாங்காது. நடுவில் ரிஜிபோம் கட்டிகளை வைத்தோம். அடுத்தடுத்த இரண்டு பலகைகளை இறுக்கி வைத்துக்கொண்டே கோட்டை வரைந்து வெட்டவேண்டும். இல்லாவிட்டால் மலை விளிம்பில் உடைந்து நிற்கும். இந்தக் கணக்கில் நீர்வீழ்ச்சி நான்கரைச் சென்ரிமீற்றர்கூட வரவில்லை. “இவ்வளவுதானா!” என்று பிள்ளைகளுக்கு ஏமாற்றம்.

மலை எழும்பியதும் பெண்கள் வரத் தொடங்கினார்கள். வரைபடத்தில் பாதையும் ஆறும் இருந்தன. தோட்டத்து வரைபடத்தில் மலைகளுக்கு நம்பர் இருந்தது. கொழுந்துக்குப் போகும் குறுக்குப் பாதை, அடைபட்டுக் கிடக்கும் கான், மழை பெய்தால் மட்டும் ஊறும் ஊற்று, டித்வாவுக்கு முதல் வாரம் நிலம் வெடித்த இடம், இவை எதிலும் இல்லை. அவை பெண்களின் கால்களில் இருந்தன. ஒருவர் குண்டூசி குத்த, மற்றவர் “அங்கன இல்ல, அதுக்கு மேல” என்று பிடுங்கி நட, ஒரு மாலையிலேயே நாற்பது குண்டூசிகள் ஏறிவிட்டன. கென்யாவில் ஒகியெக் என்னும் காட்டுவாழ் மக்கள் 2006 இல் தமது காட்டை இவ்வாறே அட்டையில் அடுக்கி, மூத்தோரைக் கொண்டு இடங்களைக் குறித்தார்கள். எமது முறை ஒன்றும் புதியதல்ல.

குண்டூசிகளைப் பார்த்தபோதுதான் ஒரு விடயம் புலப்பட்டது. கீழ் லயத்திலிருந்து பாடசாலைக்கு ஓடும் வழி ஓடையைக் கடக்கின்றது. வெடிப்புக்கு நேர்கீழே உள்ள அதே ஓடை. அன்றிரவு எல்லோரும் அதைத்தான் கடந்தோம்.

சண்டைக்குப் பதிலாக மழை

அக்கா ஒரு நிபந்தனை விதித்தார். பலகைமேல் சிப்பாய் வரக்கூடாது. பையன் யோசித்துவிட்டு, பழைய சட்டைப் பொத்தான்கள் 52ஐக் கொண்டுவந்து கீழ் லயத்தில் வைத்தான். எதிரி மழை. ஒவ்வொரு சுற்றும் ஒரு மணித்தியாலம். இரண்டு தாயக்கட்டைகளில் விழும் எண்ணிக்கையே அந்த மணித்தியாலத்து மழை, மில்லிமீற்றரில். சராசரி ஏழு விழும் என்று கொண்டால் 24 சுற்றில் 168.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை அளவுகளையே விதியாக வைத்தோம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் வெளியேற ஆயத்தம், 150 என்றால் வெளியேறியே ஆகவேண்டும். ஒரு மணித்தியாலத்திலேயே 75 பெய்தாலும் வெளியேற வேண்டும். சிறு பிள்ளை, முதியவர், கர்ப்பிணிப் பொத்தான்கள் மற்றவற்றின் பாதித் தூரமே நகரும். 100 தாண்டினால் ஓடை அடைபடும்.

முதல் ஆட்டத்தில் 150 ஆனபோது பதினொரு பொத்தான்கள் ஓடைக்கு இந்தப் பக்கமே நின்றன. எல்லாம் பாதித்தூரப் பொத்தான்கள். மற்றவர்கள் அவர்களுக்காகக் காத்திருந்தும் ஆம்பிளைகள் வரட்டும் என்று பார்த்திருந்தும் நேரம் போய்விட்டது. ஒருவரும் பேசவில்லை.

அக்காதான் வாய் திறந்தார். “அங்க எங்களுக்கு எந்தப் பக்கம் போறதுன்னே தெரியாது. போன பக்கமெல்லாம் ஷெல் விழுந்துச்சு. மேலருந்து பாத்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கீழ நின்ன எங்களுக்குத் தெரியல.” பிறகு அந்தப் பதினொரு பொத்தான்களையும் எடுத்து, 75லேயே நகர்த்திவிட வேண்டும் என்று சொல்லி, ஓடைக்குப் போகாமல் பக்கவாட்டில் கொழுந்துப் பாதை வழியே திண்டு மலைக்கு ஏற்றி வைத்தார். மண்சரிவு வரும் வழியிலேயே கீழ்நோக்கி ஓடாமல், பக்கவாட்டில் விலகி உயரமான இடத்துக்குப் போகவேண்டும் என்பதே நிபுணர்களும் சொல்வது.

இங்கு ஒன்றைக் கூறிவிடவேண்டும். இப்பலகை ஆய்வறிக்கை அல்ல. எந்தச் சரிவு நிற்கும், எது விழும் என்பதைக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தினரே பார்த்துச் சொல்லமுடியும். நாங்கள் கிராம உத்தியோகத்தரிடம் பலகையைக் காட்டி, அந்தக் கொழுந்துப் பாதை பாதுகாப்பானதா என்று அவர்களைக் கொண்டு பார்க்கும்படி கேட்டிருக்கின்றோம். இன்னும் ஆள் வரவில்லை. அதுவரை நிலத்தில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரென வற்றும் அல்லது கலங்கும் ஊற்று, திறக்க முடியாமல் இறுகும் கதவு ஆகியவற்றைக் கண்டால் மழைக்கணக்கைப் பார்க்காமல் வெளியேறுவதென்று முடிவு.

பழைய நினைவுகள் வந்து நெஞ்சு படபடக்கும் சகோதரிகள் இந்த ஆட்டத்தில் இருக்கவேண்டும் என்பதில்லை. எங்களிலும் ஒருவர் இரண்டாம் சுற்றில் எழுந்து போய்விட்டார். அவர் இப்போது மரத்தூளுக்கு வர்ணம் பிசைந்து தருகின்றார், ஆட்டத்துக்கு வருவதில்லை. அதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஐந்து பலகைகள் முடிந்துவிட்டன. ஆறாவது, நீர்த்தேக்கம் வரும் பக்கம். பனி விலகாததால் வார்னிஷ் இன்னும் காயவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் நடக்கின்றது. முடிந்ததும் பொத்தான்களை எண்ணி டப்பாவில் போடுவது அக்காவின் வேலை. எப்போதும் ஒன்று குறையும். தனது பொத்தானை அம்மாயி யாரிடமும் கொடுப்பதில்லை, முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.