கம்ப்ரஸர் காற்று: இயந்திரத்துக்குப் போதும், மூச்சுக்குப் போதுமா?

பஞ்சர் கடையில் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே வேலையைப் பெரிய அளவில் செய்யும் கம்ப்ரஸர்கள் பெரும்பாலான தொழிற்சாலைகளில் உண்டு. அந்தக் காற்று பெயிண்ட் அடிக்கிறது, பிஸ்கட் பாக்கெட்டுக்குள் ஊதப்படுகிறது, சில இடங்களில் தொழிலாளியின் முகமூடிக்குள்ளும் போகிறது. உள்ளூரிலும் வளைகுடாவிலும் நம் பிள்ளைகள் பலர் இதனோடு புழங்குவதால், அதில் என்ன கலந்திருக்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முதல் எதிரி தண்ணீர். 7 பார் அழுத்தத்துக்கு ஏற்றும்போது, எட்டு கன மீட்டர் வெளிக்காற்று ஒரு கன மீட்டருக்குள் அடைபடுகிறது. 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில், அந்த எட்டு கன மீட்டரில் சுமார் 170 கிராம் நீராவி இருக்கும். அழுத்திய காற்று மறுபடி 30 டிகிரிக்கு ஆறும்போது, அந்த ஒரு கன மீட்டரில் 30 கிராம்தான் ஆவியாக நிற்க முடியும். மீதி 140 கிராமும் தண்ணீராகிவிடும். அது இரும்புக் குழாயைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு உதிர்ந்து காற்றோடு ஓடுகிறது. ஈரக் குழாயில் கிருமியும் வளரும்.

அடுத்தது எண்ணெய். ஆயில் போடும் கம்ப்ரஸரில் அது நுண்துளியாகவும் ஆவியாகவும் வெளியேறும். 'ஆயில் ஃப்ரீ' என்று வாங்கினாலும், வெளிக்காற்றில் இருக்கும் புகையையும் தூசியையும் அது உள்ளே இழுக்கத்தான் செய்யும்.

சுத்திகரிப்பில் வரிசை முக்கியம். சூடான காற்றை ஆஃப்டர்கூலர் குளிர்விக்க, நீரில் பெரும்பகுதி அங்கேயே பிரிகிறது. டேங்கின் அடியில் தேங்குவதைத் தினமும் வடித்துவிட வேண்டும். செலவே இல்லாத வேலை, அதிகம் மறக்கப்படுவதும் இதுதான்! பிறகு டிரையர். குளிர்பதன வகை சுமார் 3 டிகிரி பனிநிலை வரை உலர்த்தும். ஈரம் உறிஞ்சும் மணிகள் நிரப்பிய வகை மைனஸ் 40 வரை கொண்டுபோகும். எண்ணெய்த் துளிகளைப் பிடிக்கத் தனி ஃபில்டர் உண்டு. ஆவி அதற்குள் நுழைந்து போய்விடும் என்பதால், அதற்குப் பின்னால் ஆக்டிவேட்டட் கார்பன் வைக்கிறார்கள். கார்பனை முன்னால் வைத்தால் எண்ணெயும் ஈரமும் சேர்ந்து சீக்கிரமே அதைப் பாழாக்கிவிடும்.

உணவுத் தொழிற்சாலைகளில் 'எச்1' எனப்படும் ஃபுட் கிரேடு ஆயில் போடுவதுண்டு. தற்செயலாகச் சிறிதளவு உணவில் பட்டால் தீங்கில்லை என்பதுதான் அந்தக் குறியின் பொருள். ஹலாலா என்பதை அது சொல்வதில்லை. அதற்குத் தனிச் சான்று கேட்டு வாங்க வேண்டும்.

நாம் மிகவும் கவலைப்படுவது மூச்சுக்காற்றைப் பற்றித்தான். மணல் பீய்ச்சும் வேலையிலும் ஸ்பிரே பெயிண்டிங்கிலும் குழாய் வழியாக வரும் காற்றைச் சுவாசிக்கிறார்கள். கம்ப்ரஸர் அளவுமீறிச் சூடாகி ஆயில் கருகினாலோ, காற்றெடுக்கும் வாய் ஜெனரேட்டர் புகைக்குழாய் அருகே இருந்தாலோ கார்பன் மோனாக்சைடு கலந்துவிடும். அதற்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை. மேலே சொன்ன ஃபில்டர்கள் எதிலும், கார்பன் ஃபில்டரில்கூட, அது நிற்காது. அதை மாற்றும் வினையூக்கி தனியாகப் பொருத்த வேண்டும். அமெரிக்க விதிப்படி மூச்சுக்காற்றில் அது பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஆயில் கம்ப்ரஸர் என்றால் அதிகச் சூட்டுக்கோ இந்த வாயுவுக்கோ அலாரமும் இருந்தாக வேண்டும். முகமூடி மாட்டும் வேலையில் இருக்கும் பிள்ளை ஊருக்குப் போன் பேசும்போது, அந்த அலாரம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.