ஆகாயத்தில் ஒன்றரை மணி, மொத்தம் பதினேழு மணி

கோமாரியிலிருந்து சென்னைக்குப் புடைவை எடுக்கப் புறப்படும் நம்மவர்கள் டிக்கட் முகவரிடம் முதலில் கேட்பது, "எத்தனை மணித்தியாலம் பறக்கும்?" என்றுதான். வியாபாரி கணக்குப் பார்க்க வேண்டியது வேறு. கடையைப் பூட்டியது முதல் சௌகார்பேட்டையில் கால் வைக்கும்வரை எவ்வளவு நேரம்?

கட்டுநாயக்கவிலிருந்து சென்னை நேர்கோட்டில் ஏறக்குறைய 650 கிலோமீற்றர். பலாலியிலிருந்து சுமார் 360தான். 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமானது தொட்டு, "யாழ்ப்பாணத்தால் போனால் பாதித் தூரம் மிச்சம்" என்று சொல்வோர் நமது கடைத்தெருக்களில் பெருகிவிட்டனர். தூரம் மிச்சம்தான், நேரம் மிச்சமில்லை. பலாலிக்கு வந்துபோவது விசிறி பூட்டிய ஏ.டி.ஆர். ரக விமானம். மணிக்கு 500 கி.மீ. அளவில்தான் பறக்கும். கட்டுநாயக்க ஜெட் விமானமோ 800ஐத் தாண்டும். ஏறுவது, இறங்குவது, ஓடுபாதையில் ஊர்வது எல்லாம் சேர்த்தால் இரண்டுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணித்தியாலம்தான்.

தரையில் என்ன நடக்கிறது? கோமாரியிலிருந்து கொழும்பு பொத்துவில், மொனராகலை வழியாக ஏறக்குறைய 330 கி.மீ. பலாலிக்கு மட்டக்களப்பு, வவுனியா வழியாகப் போனால் 400க்குக் குறையாது. வவுனியா, மன்னார் வியாபாரிகளுக்குப் பலாலி பெரிய வரப்பிரசாதம். நமக்கு அது சுற்றுவழி.

இன்னொரு வேடிக்கை. கட்டுநாயக்கவை விட நமக்குக் கிட்டிய சர்வதேச விமான நிலையம் 2013இல் திறந்த மத்தள. நேர்கோட்டில் 115 கி.மீ.தான், கட்டுநாயக்க 220. ஆனால் சென்னைக்கு நேரடி விமானம் அங்கே இல்லையே! இருந்தாலும் மத்தள பக்கம் போவதில் ஒரு பலன் உண்டு. 2020இல் தெற்கு அதிவேகப் பாதை அம்பாந்தோட்டைவரை நீண்டது. நாலைந்து பேர் சேர்ந்து வேன் பிடித்தால் கொழும்பு நெரிசலைத் தொடாமலே கட்டுநாயக்க போய்ச் சேரலாம்.

பஸ் கணக்கையும் பாருங்கள். இஷாவோடு கடையைப் பூட்டி எட்டரைக்கு ஏறினால் விடியற்காலை கொழும்பு. ஏழு மணிக்கு விமான நிலையம். மூன்று மணித்தியாலம் முன்னதாக நிற்க வேண்டுமென்பதால் பத்து மணிக்குப் பிந்திய விமானம்தான் சரிவரும். நண்பகல் தாண்டி வெளியே வந்தால் மெட்ரோ ரயில் இருக்கிறது; 2019 முதல் மண்ணடிவரை ஓடுகிறது. டாக்சிக்காரரோடு பேரம் பேசத் தேவையில்லை. ஆக, சுமார் 17 மணித்தியாலம். அதில் பறப்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்தான் என்பதால் டிக்கட்டில் உள்ளதை அப்படியே கழித்துக்கொள்ளலாம். துபாய் போகிறவர்கள் ஒன்றரை மணித்தியால வித்தியாசத்தை மறக்கக்கூடாது.

நள்ளிரவில் இறங்கும் டிக்கட் நாலாயிரம் ரூபா மலிவு என்று வாங்கி, லொட்ஜுக்கு ஒரு நாள் வாடகை கூடக் கொடுப்பவர்களும் நம்மில் உண்டு. சனிக்கிழமை இரவு பஸ் ஏறவே ஏறாதீர்கள். ஞாயிறன்று சௌகார்பேட்டை மொத்தக் கடைகள் பெரும்பாலும் பூட்டு.