மேகத்தை ஊடுருவும் கண்

எனது ஊர் திருமானூரை அடுத்த கொள்ளிடக் கரைச் சிற்றூர். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்தால் சம்பா நெல் எவ்வளவு மூழ்கிற்று என்று அப்பா வரப்பில் நின்று பார்ப்பார். வானிலிருந்து பார்க்க இயலாதா என்று அன்றே எண்ணியதுண்டு.

1957 அக்டோபர் 4-இல் சோவியத் நாடு ஏவிய ஸ்புட்னிக்தான் முதல் செயற்கைக் கோள். எடை 83.6 கிலோ. 1975 ஏப்ரல் 19-இல் நமது ஆரியபட்டா சோவியத் ராக்கெட்டில் சென்றது. தொலைபேசி, தொலைக்காட்சி, வானிலை எனப் பயன்கள் பெருகின. நிலத்தைப் படமெடுப்பதில் மட்டும் ஒரு குறை. காமிராவுக்கு வெயில் வேண்டும். மேகம் மறைத்தால் வயல் தெரியாது. மழைக்காலத்தில்தானே நமக்குப் படம் தேவை!

இக்குறையைத் தீர்க்க, உள்நாட்டிலேயே செய்த ரேடாருடன் 2012 ஏப்ரல் 26-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்றது ரிசாட்-1. எடை 1,858 கிலோ. அது தானே நுண்ணலைகளை அனுப்பி, திரும்பி வருபவற்றைப் படமாக்கியது. இருளும் மேகமும் தடையல்ல. தேங்கிய நீர் கண்ணாடிபோல் அலைகளை வேறு பக்கம் திருப்பிவிடும். ஆகவே படத்தில் கறுப்பாகத் தெரியும். அதைக் கொண்டு வெள்ளப் பரப்பை அளக்கலாம்.

அதன் திட்ட இயக்குநர் யார் தெரியுமா? நம் அரியலூரில் பிறந்த என். வளர்மதி அம்மையார்! 1984-இல் இஸ்ரோவில் சேர்ந்தவர். தமிழக அரசின் அப்துல் கலாம் விருதை 2015-இல் முதன்முதலாகப் பெற்றவர்.

ரிசாட்-1 ஓய்ந்தபின், அப்பணியைத் தொடர 2022 பிப்ரவரி 14-இல் இ.ஓ.எஸ்-04 ஏவப்பட்டது.

பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் பேருந்தில் தொங்கி வரும் நண்பர்களே! அடுத்த கோளை ஆக்குபவர் நம் வகுப்பிலும் இருக்கலாம். மழை இரவில் அண்ணாந்து பார்த்தால் எனக்கு மேகம்தான் தெரிகிறது. மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு எங்கள் வயல் தெரியும் என்பதே ஆறுதல்.