யார் கண்ணால் பார்க்கிறோம்?

இரயில் நிலையத்தில் நம் வண்டி நிற்கிறது. பக்கத்துத் தண்டவாளத்து வண்டி மெல்ல நகர்கிறது. நம் வண்டியே பின்னோக்கிப் புறப்பட்டதுபோல் ஒரு கணம் தோன்றுகிறது. நடைமேடைத் தூணைப் பார்த்த பிறகே ஐயம் தெளிகிறது. இயக்கம் என்பது பார்ப்பவரைப் பொறுத்தது. சீராகச் செல்லும் கப்பலின் மூடிய அறையில் இருப்பவர், அங்கு நிகழ்வனவற்றைக் கொண்டு கப்பல் ஓடுகிறதா நிற்கிறதா என்று கூற இயலாது எனக் கலிலியோ 1632-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார்.

ஒரு பொருளிலிருந்து பார்க்கும்போது மற்றதற்குத் தோன்றும் திசைவேகமே சார்புத் திசைவேகம். "எதிரெதிர் என்றால் கூட்டு, ஒரே திசை என்றால் கழி" என்று மனப்பாடம் செய்கிறோம். உண்மையில் விதி ஒன்றுதான்: பார்க்கப்படும் பொருளின் திசைவேகத்திலிருந்து பார்ப்பவரின் திசைவேகத்தைக் கழிக்க வேண்டும். திசைக்கேற்ற குறியை இட்டால் போதும்.

150 மீட்டர் நீளமுள்ள நம் இரயில் மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்கிறது. 200 மீட்டர் நீளமுள்ள மற்றோர் இரயில் வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் எதிரே வருகிறது. எதிர்த்திசை ஆதலால் அதன் திசைவேகம் −15. நம் கண்ணுக்கு அது −15 − 20 = −35. முகப்புகள் சந்திப்பது முதல் கடைசிப் பெட்டிகள் பிரியும் வரை கடக்க வேண்டிய தொலைவு 350 மீட்டர். ஆகவே 10 வினாடிகள் போதும். இரண்டும் ஒரே திசையில் சென்றால் 15 − 20 = −5. நம் வண்டி அதை முழுதும் கடக்க 70 வினாடிகள் ஆகும்!

இக்கணக்கு தேர்வுக்கு மட்டும் உரியதன்று. வினாடிக்கு 20 மீட்டர் செல்லும் பேருந்து, 15 மீட்டர் செல்லும் லாரியை முந்துவதாகக் கொள்வோம். இரு வண்டிகளின் நீளத்தையும் இடைவெளியையும் சேர்த்து, லாரியைப் பொறுத்து அது 50 மீட்டர் முன்னேற வேண்டும். சார்பு வேகம் 5. நேரம் 10 வினாடி. ஆனால் அந்நேரத்தில் பேருந்து சாலையில் 200 மீட்டர் ஓடிவிடுகிறது. எதிரே அதே வேகத்தில் வரும் வண்டியும் 200 மீட்டர் நெருங்கிவிடும். ஆகவே தொடங்கும்போதே 400 மீட்டருக்கு மேல் சாலை வெறுமையாக இருக்க வேண்டும். ஓட்டப்பந்தயத் தடத்தின் ஒரு முழுச் சுற்று அது! லாரியை மட்டும் பார்ப்பவருக்கு 50 மீட்டரே தெரியும். எதிரே வருபவரின் கண்ணாலும் பார்ப்பவரே உயிர்களைக் காப்பார்.

எனவே, வினாவைக் கண்டதும் சூத்திரத்தைத் தேடாமல், "யார் கண்ணால் பார்க்கிறோம்?" என்று முதலில் கேட்போமாக.