கம்பெனி வக்கீல் யாருடைய வக்கீல்?

விபத்து வழக்கில் சம்மன் வாங்கி, வாய்தாவுக்குக் காத்திருக்கும் வாசகர்களின் கடிதங்களில் ஒரே கேள்விதான். ‘வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதே, நானும் கோர்ட்டுக்குப் போகணுமா?’

போகத்தான் வேண்டும், இல்லையென்றால் உங்களுக்கென ஒரு வக்கீலாவது வைக்க வேண்டும். ‘எல்லாம் கம்பெனி பார்த்துக்கும்’ என்று ஏஜென்ட் சொல்வது இழப்பீட்டைப் பற்றி, உங்களைப் பற்றி அல்ல.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் காப்பீட்டு நிறுவனம் சம்பளத்துக்கு வைத்திருக்கும் வக்கீலே பாலிசிதாரருக்காக வாதாடுவார். இங்கே முழுநேரச் சம்பளக்காரர் வக்கீல் தொழில் செய்ய பார் கவுன்சிலின் 49-ஆம் விதி இடம் தருவதில்லை. ஆகவே நிறுவனத்தின் பட்டியலில் உள்ள வெளி வக்கீல், அதாவது பேனல் வக்கீல் வருவார். நீங்களும் நிறுவனமும் தனித்தனி எதிர்மனுதாரர்கள். அவர் வக்காலத்து போடுவது நிறுவனத்துக்கு மட்டும்.

நீங்கள் வராவிட்டால் எக்ஸ்பார்ட்டி, அதாவது நீங்கள் இல்லாமலே வழக்கு நடக்கும். உடனே மோட்டார் வாகனச் சட்டம் 170-ஆம் பிரிவில் அனுமதி வாங்கி, உங்கள் வாதங்களையும் நிறுவனமே எடுத்துக்கொள்ளலாம். உரிமையாளர் மனுதாரரோடு கைகோத்துக்கொள்வதைத் தடுக்க வந்த பிரிவு என்பார்கள். நீங்கள் வராமல் இருந்தாலே அது திறந்துகொள்ளும். டிரைவர் மீது தப்பில்லை என்று வாதாடும் அதே வக்கீல், அதே எதிருரையில், டிரைவருக்கு லைசென்ஸ் இல்லை என்றும் எழுதியிருப்பார். அதை நிரூபிக்க ஆர்.டி.ஓ. அலுவலக ஊழியரைக் கூண்டில் ஏற்றுவார். முடிவு ‘பே அண்ட் ரெகவரி’: நிறுவனம் பணத்தைக் கட்டிவிட்டு உங்களிடம் வசூலிக்கும். அதற்குத் தனி வழக்குகூட வேண்டாம், நிறைவேற்று மனு போதும்.

ஸ்வரண் சிங் வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் உரிமையாளருக்கு ஒரு கவசம் கொடுத்தது. லைசென்ஸ் இல்லை என்று காட்டினால் போதாது, உரிமையாளர் அசட்டையாக இருந்ததையும் நிறுவனமே நிரூபிக்க வேண்டும். ‘லைசென்ஸைப் பார்த்தேன், ஓட்டச் சொல்லிப் பார்த்துத்தான் வேலைக்கு வைத்தேன், போலி என்று தெரியாது’ என்று சொல்ல உங்களை விட்டால் ஆளில்லை. பேனல் வக்கீல் அதற்கு உங்களைத் தேடி வரப்போவதில்லை. நீங்கள் வராததே அவர் கட்சிக்கு லாபம். ஒருவரின் வாதத்தை எடுத்துக்கொண்டு அவரையே மடக்குவதைச் சட்டம் முரணாகவே பார்க்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

மற்ற கேள்விகள். குடித்துவிட்டு ஓட்டியிருந்தால்? 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த, மோட்டார் வாகனச் சட்டத்தின் புதிய 150-ஆம் பிரிவில் நிறுவனம் அதையும் எதிர்வாதமாக வைக்கலாம். இலகுரக வாகன லைசென்ஸில் 7,500 கிலோவுக்குக் குறைவான சரக்கு வண்டி? ஓட்டலாம், 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்ய? 30 நாள். மேல்முறையீடு? 90 நாள், அதுவும் 25,000 ரூபாய் அல்லது தீர்ப்புத் தொகையில் பாதி, எது குறைவோ அதைக் கட்டிய பிறகு.