ரெயிலில் பாடிய கொடுமுடிச் சிறுமிக்கு பத்மஸ்ரீ!
54 ஆண்டுக்குப் பின் கும்மி ஆசானுக்கும் அதே விருது

கோவை-

ஈரோட்டில் இருந்து கரூருக்கு ரெயில் ஏறினால் வழியில் கொடுமுடி ஸ்டேஷன் வரும். அந்த ஊரில் 1908-ல் பிறந்த ஏழைச் சிறுமி ஒருத்தி, தகப்பனாரை இழந்த குடும்பத்துக்காக ரெயில் பெட்டிகளில் பாடினாள். பயணிகள் போட்ட சில்லறையில்தான் வீட்டில் உலை ஏறியது என்பார்கள்.

அந்தச் சிறுமிதான் கே.பி.சுந்தராம்பாள்!

"கே" என்றால் கொடுமுடி. "பி" என்றால் பாலாம்பாள். அது தாயார் பெயர்.

ஊர் பேச்சு

"பொம்பளைப் புள்ளைக்கு நாடகம் எதுக்குங்க?" என்று ஊர் பேசிய காலம் அது. சுந்தராம்பாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேடை ஏறினார். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கும் வெண்கலக் குரல்! உடன் நடித்த எஸ்.ஜி.கிட்டப்பாவைக் கைப்பிடித்தார்.

1933-ல் கிட்டப்பா இறந்தார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்று கட்டிய வெள்ளைப் புடவையைக் கடைசி வரை மாற்றவில்லை. ஆண் நடிகருக்கு ஜோடியாகவும் நடிக்கவில்லை.

ரூ.1 லட்சம்

பாட்டை மட்டும் விடவில்லை. 1935-ல் "நந்தனார்" படத்தில் நந்தனாராக ஆண் வேடம் போட்டார். சம்பளம் ரூ.1 லட்சம்! நாடே வாய் பிளந்தது. பிறகு சட்ட மேலவை உறுப்பினராகவும் ஆனார்.

விருதுகள் வந்தது 60 வயதை ஒட்டித்தான். சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை முதலில் வாங்கியவர் பி.சுசீலா. அடுத்து, 1969-ம் ஆண்டுக்கு, "துணைவன்" படத்துக்காக சுந்தராம்பாள் வாங்கினார். 1970-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாரத ரத்னா, பத்ம விபூஷண், பத்ம பூஷணுக்கு அடுத்த விருது இது. 1980-ல் அவர் மறைந்தார்.

87 வயதில்...

2024-ல் கொங்கு மண்ணுக்கு மறுபடியும் ஒரு பத்மஸ்ரீ. இந்த முறை கோவை மாவட்டத்து வள்ளி ஒயில் கும்மி ஆசான் பத்ரப்பனுக்கு! அப்போது அவருக்கு வயது 87.

முருகன்-வள்ளி கதையைப் பாடிக்கொண்டே ஆடும் கலை இது. பெரும்பாலும் ஆண்கள்தான் ஆடி வந்தார்கள். பத்ரப்பன் அந்த வழக்கத்தை உடைத்தார். பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்து ஆட வைத்தார். விருது அறிவிப்பிலேயே இதைக் குறிப்பிட்டார்கள்.

சுந்தராம்பாள் தனி ஆளாக உடைத்துக்கொண்டு போன கதவு, கும்மிப் பெண்களுக்கு ஆசான் கையாலேயே திறந்தது.

பதக்கம் கொடுத்தது டெல்லி. அதற்கு வெகுகாலம் முன்பே கை தட்டியவர்கள் ரெயில் பயணிகளும், ஊர்த் திடலில் கூடிய ஜனங்களும்தான்!