எந்தச் சங்கம் பேசும்? ஓட்டுதான் சொல்லும்!

நம்ம வீட்டுப் பெண்பிள்ளைகள் செய்யாறு சிப்காட்டுக்கு வேலைக்குப் போறாங்க. அவங்களுக்குச் சொல்லவேண்டிய சட்டம் இது.

சங்கம் சேருவது அரசியல் சட்டம் தந்த உரிமை. ஆனாலும் பதிவுக்கே வழக்கு வருவதுண்டு. சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கப் பெயரில் கம்பெனி பெயர் கூடாது என்றது நிர்வாகம். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2025 ஜனவரி 27-ல்தான் சங்கம் பதிவானது.

பதிவானால் மட்டும் போதுமா? ஒரே கம்பெனியில் இரண்டு சங்கம் இருந்து, ‘எங்களுக்குத்தான் ஆள் அதிகம்’ என்று இரண்டுமே சொன்னால்? இந்தத் தகராறு தீரவே 1995-ல் இந்திய உணவுக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் ரகசிய ஓட்டு முறையை வகுத்தது.

2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டப்படி, 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவு பெற்ற சங்கமே நிர்வாகத்துடன் பேசும். யாருக்கும் அவ்வளவு இல்லையா? 20 சதவீதமாவது பெற்ற சங்கங்கள் கூட்டாகப் பேசும்.

குழுவில் தீர்மான நோட்டைப் பத்திரமா வைக்கிறோமே, அதுபோல சந்தா ரசீதை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தகராறு வந்தால் அதுவே சாட்சி. ஓட்டு ரகசியம், யாருக்கும் பயப்பட வேண்டாம்.